மண்ணீரல் இல்லாத வீட்டுக்காரன்

இப்போதெல்லாம் எவனுக்கும் தன் உடம்பின் மேல் நம்பிக்கை இல்லை. தும்மினால் மாத்திரை, இருமினால் ஊசி, விரலில் முள் ஏறினால் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு ஓட்டம். உடம்பு என்னவோ வாடகைக்கு எடுத்த வண்டி மாதிரியும், உள்ளே லேசாகச் சத்தம் கேட்டாலே கொண்டுபோய் உரியவனிடம் நிறுத்திவிட வேண்டும் என்பது மாதிரியும் நடந்துகொள்கிறார்கள். விசோக்கா கிராமத்தில் யார் அகப்பட்டாலும் வீதோமிர் கிழவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். பட்டாளத்தில் இருந்தபோது அவருக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பனி பாதையை மூடிவிட்டதால் மருந்தும் வரவில்லை, மருத்துவனும் வரவில்லை. கம்பளிக்குள் அனலாகக் கொதித்துக் கிடந்தவர் ஒரு நாள் காலையில் தெப்பலாக வியர்த்து எழுந்தார், ஒரு சட்டி பீன்ஸைத் தனியாளாகத் தின்றார். காப்பாற்றியது யார்? உடம்புதான். அதற்கு வேறென்ன வேலை?

அன்று புனித நிக்கோலா நாள், அந்த வீட்டின் குலப் புனிதரின் திருநாள். காலையில் அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு மருமகளிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ராத்மிலா கெண்டை மீனை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலமாதலால் அந்த நாளில் இறைச்சி கிடையாது, மீன்தான். கேட்டுக்கொண்டே இருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் புருஷன் மிலிசாவ் விடியலிலிருந்து நடுங்குகிறார், பல் கிட்டிப் போகிறது, இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்றாள்.

"நடுங்கட்டும்மா. அடுப்பு பத்திக்கிற சத்தம் அது. உள்ள வந்தது என்னவோ அதுக்குள்ள வெந்து போயிடும்."

இப்படிச் சொல்லிவிட்டு மகனுக்காகச் சர்க்கரையைக் கருக்கி, அதில் பிளம் சாராயத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தார். மிலிசாவ் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தான். பாதி சட்டையில் சிந்தியது.

மிலிசாவின் மேல் டிராக்டர் கவிழ்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. பிளம் தோப்புச் சரிவில் சக்கரம் வழுக்கி அவனை அமுக்கிவிட்டது. உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். டாக்டர்கள் அதை வெட்டி எடுத்துத்தான் ஆளைப் பிழைக்க வைத்தார்கள். மண்ணீரல் என்றால் வீதோமிருக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வருஷமும் பன்றி அறுக்கும்போது முதலில் அதைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். முன்பக்கம் தடித்திருந்தால் குளிர் சீக்கிரம் வந்துவிடும், பின்பக்கம் தடித்திருந்தால் வசந்தம் வரைக்கும் பனி விடாது. பார்த்து முடித்ததும் நாய்க்கு எறிவார்கள். நாய்க்கு எறிகிற சாமான் இல்லாமல் போனதற்காக ஒரு மனுஷன் செத்துவிடுவானா என்பது அவர் கேள்வி.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை உட்கார்ந்து கேட்டவள் ராத்மிலாதான். ரத்தத்தை வடிகட்டுகிற இடம் அது என்று அவளுக்குச் சொன்னார்கள். சில கிருமிகள் வழுவழுப்பான மேலங்கி போட்டுக்கொண்டு வருமாம். ரத்தத்தில் சுற்றுகிற மற்ற காவலாளிகள் கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுமாம். அவற்றைப் பிடித்து நிறுத்துவது மண்ணீரல் ஒன்றுதானாம். அது இல்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது, கையில் கொடுத்திருக்கிற மாத்திரையை விழுங்கிவிட்டு அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும் என்றார்கள். தடுப்பூசி வேறு போட்டுக்கொள்ள வேண்டும். மிலிசாவ் ஒன்றைப் போட்டுக்கொண்டான். மிச்சம், பழம் பறிப்புக்கும் சாராயம் காய்ச்சுவதற்கும் நடுவில் மறந்துபோயிற்று. மறந்துபோனதில் வீதோமிருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மாத்திரைகளோ போன இலையுதிர் காலத்தில் மிலிசாவுக்குப் பல்வலி வந்தபோது வயிற்றுக்குள் போய்விட்டன. அந்த மலைப் பக்கத்தில் வீட்டில் மாத்திரை என்று ஒன்று இருந்தால் எந்த நோவுக்கும் அதுதான் மருந்து.

காய்ச்சல் வேறெந்த நாளில் வந்திருந்தாலும் ராத்மிலா அவனை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். வந்ததோ குலப் புனிதரின் நாளில். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. அழைக்காமலே விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வீட்டுக்காரன் நின்று பரிமாறுவான். காலையில் மெழுகுவர்த்தியை ஏற்றினதிலிருந்து சாயங்காலம் அதை வைன் தொட்டு அணைக்கிற வரைக்கும் அவன் புனிதருக்கு முன்னால் நிற்கிறவன். வாசலைத் தாண்டி வெளியே போவது என்பது பேச்சே இல்லை.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோன வருஷம் வீதோமிர் அந்தப் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டார். எல்லார் முன்னாலும் ரொட்டித் துண்டையும் மெழுகுவர்த்தியையும் அவன் கையில் வைத்தார். அப்போதிலிருந்து மேஜைக் கோடியில் கிழவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்கக் கூடாது. இது பாதிரியார் சொன்னதல்ல, ஊர் சொல்வது. சின்ன வயதில் அவர் கண்ணால் கண்டதும் உண்டு. மேட்டு வீட்டு ஸ்தானிமிர் ஒருமுறை மகனிடமிருந்து மெழுகுவர்த்தியைத் திரும்ப வாங்கினார். மகன் ஆற்றில் மூழ்கிச் செத்து, உடலைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த வருஷம் அது. மெழுகுவர்த்தி மகன் கையிலிருந்து அப்பன் கைக்கு வருவது பிணத்தின் மேலாகத்தான் என்று அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு. வீதோமிர் டாக்டரை நம்பமாட்டார், பாதிரியாரைப் பாதிதான் நம்புவார், இதை மட்டும் முழுசாக நம்பினார்.

பாதிரியார் வந்து அவசரமாக ஜெபம் சொன்னார். ஊரில் பாதிப் பேருக்கு இதே புனிதர், இன்னும் பல வீடுகள் ஏற வேண்டும். வைன் ஊற்றிய ரொட்டியை இருவருமாகச் சுற்றிப் பிடித்துத் திருப்பும்போது மிலிசாவின் கை நடுக்கத்தில் வைன் தளும்பி அவன் சட்டைக் கையை நனைத்தது. பாதிரியார் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

முதல் விருந்தாளி ஒப்ரேன். மிலிசாவின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அந்த உறவு ரத்த உறவைவிடக் கெட்டி. பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா, புனிதருக்கு ஊத்துறதுக்கு முன்னாடியே நீ ஊத்திக்கிட்டியா? கால் நெலத்துல நிக்கலியே."

எல்லாரும் சிரித்தார்கள். மிலிசாவும் சிரித்தான். பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முற்றம் முழுக்கக் கார்கள், ஒன்றின் வாலில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மீன் சூப் வந்தது, பீன்ஸ் வந்தது. குரல்கள் உயர்ந்தன. மிலிசாவ் குடுவையோடு மேஜையைச் சுற்றி வந்தான், ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து.

ராத்மிலா கிழவரைக் கைகாட்டிச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள். ஊறுகாய்ப் பீப்பாய்களுக்கு நடுவில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாமா, நான் அவரக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"வீடு நெறைய ஆளு உக்காந்திருக்கு. வீட்டுக்காரன் போயிட்டா வந்தவன் யார் மூஞ்சியப் பாத்து சாப்பிடுவான்?"

"உங்க மூஞ்சிய."

"எம் மூஞ்சியப் பாக்க எவனும் வரல. நான் குடுத்தாச்சு."

அவனையே கேட்டுப் பார்த்துவிட்டதாக அவள் சொன்னாள். சாயங்காலம் வரைக்கும்தானே, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வருகிறேன் என்கிறானாம். சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னதை அவள் மறுபடி சொன்னாள். கிழவருக்கு ஸ்தானிமிரைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கீழூரிலிருந்து வந்தவள், இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"நீங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவர் நிப்பார். நீங்க எழுந்திரிச்சாதான் அவர் போவார். அவ்வளவுதான் மாமா," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கிழவர் தன் இடத்துக்குத் திரும்பினார். உச்சிப் பொழுதை நெருங்கும்போது மிலிசாவின் நடுக்கம் நின்றது. அதைக் கண்டதும் அவருக்கு மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கினாற்போல இருந்தது. பக்கத்துக் கிழவனை முழங்கையால் இடித்து, உடம்புக்குத் தெரியும், நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்றார். அடுப்படி வாசலில் நின்ற ராத்மிலாவைப் பார்த்து, விட்டுடுச்சு பாத்தியா என்று கையசைத்தார். அவள் திரும்பி உள்ளே போனாள்.

ஆனால் பையன் முகம் சரியாக இல்லை. சிவந்திருக்க வேண்டிய முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒப்ரேனை, ஒப்ரேனுடைய அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நிறைந்திருந்த கோப்பையில் மேலும் ஊற்றினான். வைன் விரிப்பில் ஓடியது. விருந்தாளிகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதவன் மாதிரி அவன் ஒருகணம் நின்றுவிட்டு, அப்பாவின் பக்கம் வந்தான். அவர் கோப்பையில் ஊற்றக் குனிந்தான். மூச்சு ஓடிவந்த நாயினுடையது போல இரைத்தது.

சட்டைக் கை மேலேறியிருந்தது. மணிக்கட்டில் வைன் கறை. துடைத்துவிடலாம் என்று வீதோமிர் கட்டைவிரலால் தேய்த்தார். தோல் ஈரத்துணி போல சில்லென்று இருந்தது. கறை போகவில்லை. சட்டைக் கையை இன்னும் மேலே தள்ளினார். முன்னங்கை நெடுகச் சின்னதும் பெரிசுமாகக் கருநீலத் திட்டுகள். ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். நிறம் அப்படியே இருந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் அப்படியே.

பன்றிக் கொட்டில் வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும். பன்றியின் தோலில் சிவப்புத் திட்டு வந்தால் அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் ஊசி போட்டுப் பிழைக்க வைக்கலாம். வெளுக்காவிட்டால் ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், குழி தோண்ட ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

கிழவர் மகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜை நடுவில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எழுந்தால் ஸ்தானிமிரின் கதி. எழாவிட்டால் இந்தக் கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் மகனின் சாவுதான் தெரிந்தது. நாற்காலியில் இருக்கிறவரைக்கும் தன் கையால் எதுவும் நடக்கவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மேஜையை ஊன்றி எழுந்தார். இடுப்பு மூட்டு நறுக்கென்றது.

"குடுவைய எங்கிட்ட குடுடா."

மூலையில் யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். மிலிசாவ் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"வேணாம்பா. நீங்க உக்காருங்க. ஊர்ல என்ன சொல்வாங்கன்னு தெரியுமில்ல."

"சொல்லட்டும். குடு."

அவன் கொடுக்கவில்லை. கிழவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடுவையைப் பிடுங்கினார். பிடுங்கும்போதே அந்த விரல்களில் பிடி இல்லை என்பது தெரிந்தது. வாசலில் ராத்மிலா கோட்டை மாட்டிக்கொண்டு சாவியோடு நின்றாள், எப்போது மாட்டிக்கொண்டாளோ. அவளுடைய கார் முற்றத்தின் உள்கோடியில் சுவரோரமாக மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மற்ற எல்லாருடைய காரும்.

புனிதர் நாளில் சாப்பிடுகிற விருந்தாளியை எழுப்புவதென்பது அந்த ஊரில் யாரும் கேள்விப்படாத காரியம். வீதோமிர் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே எழுப்பினார்.

"எல்லாரும் எழுந்திருங்க. வண்டியெல்லாம் எடுங்க. ஒப்ரேன், உன்னுதுதான் அவ கார மறிச்சு நிக்குது."

"சூப் ஆறிடுமே மாமா," என்றான் ஒப்ரேன், இன்னும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

கிழவர் மகனின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். ஒப்ரேனும் பன்றி வளர்ப்பவன்தான். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் பின்னால் நாற்காலிகள் உருண்டன. முற்றத்தில் என்ஜின்கள் இரைந்தன, பனியில் சக்கரங்கள் சுழன்றன. ஒருவன் வேலியை இடித்தே பின்னால் எடுத்தான். மிலிசாவ் தானே நடப்பதாகச் சொல்லி வாசற்படி வரைக்கும் வந்தான். படியில் கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்தான். ரெண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். கார் மலைப் பாதையில் இறங்கி, வளைவில் மறைந்தது. வீதோமிர் வாசலைத் தாண்டவில்லை. அவர் இப்போது வீட்டுக்காரன்.

விருந்தாளிகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, போகலாமா இருக்கலாமா என்று முற்றத்தில் நின்றார்கள். எல்லாரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஆறிப்போன சூப்பைச் சுடவைத்துத் தன் கையால் ஊற்றினார். கரண்டிகள் தட்டில் படும் சத்தம் மட்டும். யாரோ ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்கள், காலால் திருப்பித் தள்ளினார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் சூடு போட்டாற்போல இழுத்தது. நிற்கிற வரைக்கும் மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவராகவே அப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தவர்கள் போனார்கள். புதிதாக வந்தவர்கள் மிலிசாவ் எங்கே என்று கேட்டார்கள், வருவான் என்றார். அதற்கு மேல் கேட்டவர்களுக்கு மீனை வைத்தார்.

இருட்டுகிற நேரத்தில் ஒப்ரேனின் கைப்பேசி அடித்தது. அவன் அதைக் கிழவர் காதில் வைத்தான். ராத்மிலாவின் குரல் கரகரத்தது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், இரண்டு கையிலும் மருந்து ஏறுகிறது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார், விடியலில் என்றேன். அதை எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவுதான் சொன்னாள்.

வீதோமிர் மெழுகுவர்த்தியிடம் போனார். விரலை வைனில் தொட்டுத் திரியின் மேல் வைத்தார். சுர்ரென்று அணைந்தது. விரல் சுட்டது. அப்புறம்தான் உட்கார்ந்தார்.

மிலிசாவ் சாகவில்லை. நினைவு வந்து போய், வந்து போய், கடைசியில் தண்ணீர் கேட்டான். இடது காலில் இரண்டு விரல்கள் கரிக்கட்டையாகக் கறுத்துவிட்டன, அவற்றை எடுத்தார்கள். ஆள் பார்க்க விட்ட முதல் நாளே கிழவர் பஸ் பிடித்து வந்தார். மகனோடு பேச அதிகம் இல்லை. வேலியை இடித்தவன் சரி பண்ணிக் கொடுத்துவிட்டான் என்றார். பையன் தலையாட்டினான். வெளியே நடைவழிக்கு வந்தபோது டாக்டரம்மா அவரை நிறுத்தினார். வயதில் பேத்தி போல இருந்தார், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

உங்கள் மகனின் உடம்பு ஒன்றும் சும்மா இருக்கவில்லை என்றார் அவர். அந்த நடுக்கம், அந்தச் சூடு எல்லாம் அது போட்ட சண்டைதான். ஆனால் வடிகட்டி இல்லாத ரத்தத்தில் கிருமி பெருகுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் உடம்பு தலைகால் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தது, சின்னச் சின்னக் குழாய்களிலெல்லாம் ரத்தத்தை உறைய வைத்தது. கால்விரல்களைத் தின்றது அதுதான்.

"கிருமி திங்கலியா?"

"நேரா இல்ல தாத்தா. அவர் உடம்பேதான். வேலியே பயிர மேஞ்ச மாதிரி."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனுஷனில் அப்படி உண்டு, ஊர்க் காவல்காரனே கோழி திருடியதை அவர் பார்த்திருக்கிறார். உடம்பு அப்படிச் செய்யாது. தன் காலைத் தானே தின்கிற மிருகத்தைக் கொட்டிலில் வளர்த்ததில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"விடியலயே வந்திருந்தா?"

டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"விரலு மிஞ்சியிருக்கும்னு நெனைக்கிறேன். அந்த மத்தியானத்தையும் விட்டிருந்தீங்கன்னா ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்."

"நெனைக்கிறீங்க."

"ஆமா. நெனைக்கிறேன்."

"தெரியாது."

"யாருக்கும் அப்படித் தெரியாது தாத்தா."

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார் வீதோமிர். விரல் குளிரில் போயிருக்கும். வாசற்படியில் பனியில் உட்கார்ந்தானே, வெறும் செருப்போடு. டாக்டரம்மா மிலிசாவுக்கு மிச்ச ஊசிகளை இந்தத் தடவை போட்டே அனுப்பப்போவதாகச் சொன்னார். வந்ததுதான் வந்தீர்கள், இந்த வயதில் நீங்களும் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள், கீழ்த்தளத்தில்தான், உட்காரக்கூட வேண்டாம் என்றார்.

"எனக்கு உள்ள எல்லாம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

நடைவழியின் இரண்டு கோடியிலும் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. காற்று ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறிக்கொண்டிருந்தது. நோயாளிகள் மெல்லிய சட்டையோடு அதன் நடுவில் நடந்தார்கள். படித்தவர்கள் இருக்கிற இடம். இப்படி வீட்டுக்குள் ஊடுருவி ஓடுகிற காற்றுதான் மனுஷனைக் கொல்லும் என்பது அவர் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வீதோமிர் நொண்டி நொண்டிக் கோடி வரைக்கும் போய், ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினார். பின்னால் டாக்டரம்மா ஏதோ சொன்னது கேட்டது. அவர் திரும்பவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.